லிண்டலோடு நின்ற வீடு: லைஃப் திட்ட வீடு தாமதமானால் யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

எங்கள் அம்மா பேருக்குக் கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் வீடு வந்தது. தறை, அதாவது அடித்தளம் கட்டி, சுவர் எழும்பி, கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் கான்கிரீட் போட்டதோடு நின்றுவிட்டது. 14 மாதம் நின்றது. மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்கெல்லாம் அம்மா பால் கவரை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார், துரு பிடிக்கக் கூடாதாம். ஹாலாக வேண்டிய இடத்தில் பீர்க்கங்கொடி படர்ந்து, காய்த்து, அதைப் பறித்துக் கூட்டும் வைத்தாகிவிட்டது. பக்கத்திலேயே தார்ப்பாய்க் கொட்டகையில்தான் குடித்தனம்.

அந்த 14 மாதமும் போகிற இடத்திலெல்லாம் எனக்குக் கிடைத்த ஒரே பதில் "ஃபண்டு வந்நிட்டில்லா", பணம் வரவில்லையாம். கடைசியில் பார்த்தால் ஃபண்டு பிரச்சினையே இல்லை. லிண்டல் முடிந்ததும் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டிய விஇஓ, அதாவது வில்லேஜ் எக்ஸ்டென்ஷன் ஆபீசர், மாறுதலாகிப் போய்விட்டார், புதிதாக வந்தவருக்கு இப்படி ஒரு வீடு பாதியில் நிற்பதே தெரியாது. ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் தெரிந்தவர்கள் சிலருடைய வீட்டுக்காக அலைந்திருக்கிறேன். ஒவ்வொரு தாமதமும் ஏதோ ஒரு மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது எந்த மேஜை என்று தெரியாதவரை நாம் போடும் சத்தம் எல்லோருக்கும் பொதுவாகப் போய், ஒருவர் காதிலும் விழாது. அந்த மேஜையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதெல்லாம் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்கா, ஆந்திராச் சித்தூர் இல்லை. ஆனால் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு பக்கம் இருக்கிற நம் தமிழ் ஆட்களுக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும்.

முதலில், அது எந்தத் திட்டத்து வீடு?

சிரிக்காதீர்கள். பாதிப் பேருக்கு இது தெரியாது. "பஞ்சாயத்து வீடு" என்பார்கள். லைஃப் என்பது கேரள அரசு 2016ல் தொடங்கியது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனித் துறைகள் தரும் வீடுகள் உண்டு, தோட்டத் தொழிலாளர்களுக்கு வேறு வழியில் வருவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இரண்டு அறை வீடுதான், ஆனால் பொறுப்பான அதிகாரி ஒவ்வொன்றுக்கும் வேறு. கிராமப் பஞ்சாயத்தில் லைஃப் வீட்டுக்குப் பெரும்பாலும் விஇஓ. நம் ஆட்கள் பலர் இவரை வில்லேஜ் ஆபீசர் என்று நினைத்து வில்லேஜ் ஆபீசில் போய் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். அவர் வேறு, இவர் வேறு. வில்லேஜ் ஆபீஸ் நிலவரி கட்டுகிற இடம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். லைஃபில் பொதுப் பிரிவுக்கு ஒரு வீட்டுக்கு 4 லட்சம். பிரதமர் ஆவாஸ் கிராமப்புறத் திட்டத்தோடு சேர்ந்த வீடென்றால் அந்த 4 லட்சத்தில் மத்திய அரசின் பங்கு 72,000 ரூபாய்தான். மீதியை மாநில அரசு, பஞ்சாயத்து, ஹட்கோ என்ற மத்திய அரசு வீட்டுக்கடன் நிறுவனத்தின் கடன் என்று பல பானையிலிருந்து மொண்டு நிரப்புகிறார்கள். அதனால் "ஃபண்டு இல்லை" என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டியது, எந்த ஃபண்டு சார், பஞ்சாயத்துப் பங்கா, மாநிலப் பங்கா, கடனா? இந்த ஒரு கேள்விக்கே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

காகிதம்

வீடு அனுமதியாகும்போது பஞ்சாயத்தோடு ஒப்பந்தம் போடுவார்கள், முத்திரைத்தாளில், மலையாளத்தில். அம்மா அதில் தமிழில் கையெழுத்துப் போட்டார், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. அதன் நகல் உங்களிடம் இல்லை என்றால் முதல் வேலை அதை வாங்குவதுதான். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு தவணை, எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மலையாளம் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரையாவது உட்கார வைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பாஸ்புக். பேங்கில் என்ட்ரி போட்டு, திட்டப் பணம் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதே நோட்டில் வேலை நடந்த தேதிகளும், ஆபீசுக்குப் போன தேதிகளும், யார் என்ன சொன்னார் என்பதும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நீங்களே போனில் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் "லிண்டல் முடிந்தது எப்போது?" என்று கேட்டால் "போன வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு முன்னாடி" என்று சொன்னால் எடுபடாது.

எங்கே நிற்கிறது?

இனிதான் முக்கியமான இடம். தவணைமுறையில் நாமே கட்டும் வீடென்றால் பணம் வரும் வழி இப்படி: நாம் ஒரு கட்டம் முடிக்கிறோம், அதிகாரி வந்து பார்த்துப் போட்டோ ஏற்றுகிறார், பஞ்சாயத்தில் பில் தயாராகி செக்ரட்டரி ஒப்புதல் தருகிறார், கஜானா வழியாகக் கணக்குக்கு வருகிறது. நான்கு இடம், நான்கிலும் நிற்கலாம்.

முதல் இடம் நம் வாசல். கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், நான் பார்த்த தாமதங்களில் பாதி நம் ஆட்களே இழுத்துவிட்டுக்கொண்டது. 4 லட்சம் என்பது 400 சதுர அடியை ஒட்டிய வீட்டுக்கான கணக்கு. அதை வைத்து 700 சதுர அடிக்குத் தறை போட்டால் லிண்டலோடு நிற்காமல் என்ன செய்யும்? "பையனுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகும், ஒரு ரூம் சேர்த்துப் போட்டுடலாம்" என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தறை அகலமானால் சுவர், கம்பி, கான்கிரீட் எல்லாமே கூடும் என்பதை மேஸ்திரி சொல்ல மாட்டார். அவருக்கு வேலை கூடினால் நல்லதுதானே. பாதி நிற்கிற வீட்டுக்கு அடுத்த தவணை கேட்டு மனுப் போட்டும் பயனில்லை, கட்டம் முடியாமல் பணம் வராது.

இதிலேயே இன்னொன்று, தவணைப் பணம் மொத்தத்தையும் மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு அவர் ஆளையே காணாமல் நிற்பது. அட்டப்பாடியிலிருந்து முதலமடை வரை இந்தக் கதை கேட்டிருக்கிறேன். அவரிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள், பணம் அக்கவுண்ட் வழியாகவே போகட்டும். எழுத்தும் இல்லை, பேங்க் கணக்கும் இல்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்கவே யோசிப்பார்கள்.

இரண்டாவது, அதிகாரியின் போன். எங்களுக்கு நடந்தது இதுதான். வந்து பார்த்தாரா, இடக்குறியோடு போட்டோ ஏறியதா? நேரில் போய்த் தேதியோடு கேளுங்கள்.

மூன்றாவது பஞ்சாயத்து ஆபீஸ். நான்காவது கஜானா. கேரளத்தில் மார்ச் மாதம் என்றால் கஜானாவில் பில்கள் வரிசையில் நிற்கும், மார்ச் 31க்குள் போகாதது அடுத்த நிதியாண்டுக் கணக்கில் தள்ளப்படும். அதனால் பிப்ரவரியில் கட்டம் முடிந்திருந்தால் மார்ச் முதல் வாரத்துக்குள் பில் எழுதப்பட்டதா என்று விரட்டுங்கள். ஏப்ரலில் போய்க் கேட்டால் மறுபடியும் அந்த "ஃபண்டு வந்நிட்டில்லா"தான்.

தேர்தல் நேரத்தில் "நடத்தை விதி வந்திருச்சு" என்பார்கள். புது அறிவிப்பு, புது வேலை கூடாது என்பதுதான் அந்த விதி, ஏற்கெனவே தொடங்கி நடக்கிற வேலைக்கு அது தடை இல்லை.

எழுதிக் கொடுப்பது, தமிழிலேயே

வாயால் கேட்டது எதுவும் கணக்கில் வராது. எழுதிக் கொடுங்கள். "மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா" என்று கவுண்ட்டரில் திருப்பி அனுப்பினால் பதறாதீர்கள். குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆவது பிரிவே சொல்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்களும் கன்னடர்களும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் தர வேண்டும் என்கிறது. சித்தூர் தாலுக்கா அந்தப் பகுதிகளில் ஒன்று.

சரி, உரிமை இருக்கிறது. ஆனால் நான் செய்வது என்னவென்றால், தமிழில் எழுதிய மனுவோடு மலையாளத்தில் ஒரு பக்கத்தையும் பின் அடித்துக் கொடுத்துவிடுவேன். அரசின் இணைய சேவை மையமான அக்ஷயாவில் டைப் பண்ணித் தருவார்கள். உரிமைக்காக ஒருநாள் சண்டை போடலாம், ஆனால் அம்மாவுக்குக் கூரை வேண்டுமே.

மனுவில் கதை வேண்டாம். "நாங்கள் ஏழை, மழை வந்தால் நனைகிறோம், தயவு பண்ணி" என்று இரண்டு பக்கம் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைப் படிப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்றே புரியாது. நான் எழுதியது இவ்வளவுதான்: "லைஃப் திட்டத்தில் எனக்கு அனுமதியான வீட்டின் லிண்டல் வேலை இன்ன தேதியில் முடிந்தது. அடுத்த தவணை இன்றுவரை வரவில்லை. வீட்டை ஆய்வு செய்த தேதி, போட்டோ பதிவேற்றிய தேதி, பில் எழுதப்பட்ட தேதி ஆகியவற்றையும், தவணை எந்தத் தேதிக்குள் வரும் என்பதையும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்." கீழே ஒப்பந்தத் தேதி, பேர், வார்டு, போன் நம்பர், கூடவே போட்டோ. செக்ரட்டரி பேருக்கு எழுதுங்கள், மெம்பருக்கு இல்லை. கொடுத்ததும் ரசீது வாங்காமல் அந்தக் கவுண்ட்டரை விட்டு நகராதீர்கள். இப்போது பஞ்சாயத்து மனுக்கள் கே-ஸ்மார்ட் என்ற இணையதளத்தில் பதிவாகின்றன, அந்த ஃபைல் நம்பர் இருந்தால் எங்கே நிற்கிறது என்று போனிலேயே பார்க்கலாம்.

மெம்பரை விட்டுவிடச் சொல்லவில்லை. அவரைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அது கூடியாக வேண்டும், கூட்ட வேண்டியவர் வார்டு மெம்பர். தொடர்ந்து இரண்டு தடவை கூட்டாவிட்டால் அவர் பதவிக்கே ஆபத்து. நம் ஆட்கள் பயனாளிப் பட்டியல் படிக்கிற அன்றைக்கு மட்டும் கூட்டமாகப் போய், தன் பேர் வந்ததும் எழுந்து வந்துவிடுகிறார்கள். பாதியில் நிற்கிற வீட்டுக்காரர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து போய், இந்த வார்டில் எத்தனை வீடு நிற்கிறது, ஏன் என்று கேட்டு, அது மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். எழுதாத கேள்வி கேட்காத கேள்விதான்.

தகவல் உரிமை மனு

ரசீதோடு ஒரு மாதம் பாருங்கள். பதில் இல்லையென்றால் ஆர்டிஐ. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம், சான்று நகல் மட்டும் வைக்க வேண்டும். இந்த மனுவை மட்டும் மலையாளத்தில் கொடுப்பது நல்லது. ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்று சட்டம் சொல்வதால், மொழியை வைத்து இழுத்தடிக்க இடம் கொடுக்க வேண்டாமே.

"ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை, விளக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். காகிதத்தைக் கேளுங்கள். நான் கேட்டது மூன்று: எங்கள் வீட்டை ஒவ்வொரு கட்டத்திலும் ஆய்வு செய்த தேதியும் செய்தவரின் பதவியும், பதிவேற்றிய போட்டோக்களின் நகல், எங்கள் ஃபைலின் குறிப்புப் பக்கங்களின் நகல். 26ஆவது நாள் பதில் வந்தது. லிண்டல் கட்டத்துக்கு நேராக ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள், தேதி இல்லை. அதே வாரம் புது விஇஓ வீட்டுக்கு வந்துவிட்டார், பைக்கில், அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, பீர்க்கங்கொடியை ஒதுக்கிப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார். பாவம், நல்ல மனிதர்தான். அவர் தலையில் எத்தனையோ வீடு.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, மழுப்பலாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதே துறையில் மேலதிகாரிக்கு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் திருவனந்தபுரத்தில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் தகவல் தராத அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அவர் கையிலிருந்தே அபராதம் விதிக்கலாம்.

கான்ட்ராக்டர் கட்டும் அடுக்கு வீடு

இது வேறு மாதிரி. இங்கே கட்டுவது நாம் இல்லை, நாம் வரிசையில் நிற்பவர்கள் மட்டும். நிலமே இல்லாதவர்களுக்காக லைஃபில் அடுக்கு மாடிகள் கட்டுகிறார்கள். இடுக்கி கரிமண்ணூர் உட்பட நான்கு இடத்தில் 2023 ஏப்ரலில் மொத்தம் 174 குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தார்கள். திருச்சூர் வடக்காஞ்சேரியிலோ, அமீரகச் செம்பிறைச் சங்கத்தின் பணத்தில் தொடங்கிய 140 வீடுகள், கமிஷன் புகாரும் சிபிஐ விசாரணையுமாக 2020ல் பாதியில் நின்றுபோயின. விசாரணை அவசியம்தான், ஆனால் வீடு நின்றுபோனதற்கும் தவறு செய்ததாகச் சொல்லப்படுபவர்களுக்கும் நடுவில் பட்டியலில் இருந்த குடும்பங்கள் மாட்டிக்கொண்டன.

இந்த மாதிரி வேலையில் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆர்டிஐயில் கேட்க வேண்டியவை: கான்ட்ராக்டரோடு போட்ட ஒப்பந்த நகல், சைட்டை ஒப்படைத்த தேதி, முடிக்க வேண்டிய தேதி, எத்தனை தடவை டைம் எக்ஸ்டென்ஷன் கொடுத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் சொன்ன காரணம், அபராதம் போட்டார்களா, இதுவரை கொடுத்த பில் தொகை, செய்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் எம் புக் பக்கங்கள், கான்கிரீட் கட்டிச் சோதனை அறிக்கைகள். டைம் எக்ஸ்டென்ஷன் காகிதம்தான் இதில் உயிர்நாடி. சைட்டைக் காலி செய்து கொடுக்காதது பஞ்சாயத்தின் தவறு, பில் கொடுக்காதது அரசின் தவறு, ஆள் வைக்காதது கான்ட்ராக்டரின் தவறு. பலகையில் போட்ட முடிவுத் தேதி அழிந்து போனாலும் ஃபைலில் இருக்கும்.

அந்தக் காரணங்களில் "தொடர் மழை" என்று வந்தால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூணாறில் ஜூன், ஜூலையில் வேலை நடக்காது, நியாயம். ஆனால் நம் எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் மழை நிழல் பகுதி, குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கிற ஊர். பாலக்காடு டவுனில் பெய்த மழையை இங்கே எழுதி எட்டு மாதம் எக்ஸ்டென்ஷன் வாங்கினால் அதை யாராவது கேட்க வேண்டாமா?

பலருக்குத் தெரியாத ஒன்று, ஆர்டிஐ சட்டத்தில் தகவல் என்றால் காகிதம் மட்டும் இல்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளித்த மாதிரியை எடுத்துக்கொள்ளவும் 2ஆவது பிரிவு உரிமை தருகிறது. "எம்-சாண்டின் மாதிரி வேண்டும்" என்று ஒரு மனுப் போட்டாலே சைட்டில் சல்லடை வந்து சேரும்.

நீண்ட நாள் நின்ற கட்டடத்தில் மறுபடி வேலை தொடங்கும்போது வெளியே நீட்டிய கம்பிகளைப் பாருங்கள். மேலாகத் துரு என்றால் தேய்த்துவிடலாம். கையால் உரித்தால் ஏடு ஏடாக வருகிறது, கம்பி இளைத்திருக்கிறது என்றால் அப்படியே மேலே கான்கிரீட் போட விடாதீர்கள், ஏஇ, அதாவது உதவிப் பொறியாளர், வந்து பார்த்து எழுதித் தரட்டும். சாவி வாங்குவதற்கு முன் மொட்டை மாடியில் தண்ணீர் தேக்கி ஒருநாள் விட்டுக் கீழே கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் குறைகளைக் கான்ட்ராக்டரே சரிசெய்து தர வேண்டிய காலம் என்று ஒன்று இருக்கும், விரிசலோ கசிவோ அந்தக் காலத்துக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். காலம் முடிந்த மறுநாள் போனால் நம் பையிலிருந்துதான் பூச்சு.

மேலே போக வேண்டியிருந்தால்

பஞ்சாயத்து, நகராட்சிகளுக்கென்றே பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின்கீழ் ஓம்புட்ஸ்மேன் என்ற குறைகேட்பு அதிகாரி இருக்கிறார். நிர்வாகக் கோளாறு, அலட்சியம், முறைகேடு எல்லாம் அவர் விசாரிப்பார், வக்கீல் தேவையில்லை. தவணை விடுவிக்கக் கைக்கூலி கேட்டால் அது வேறு வழி, லஞ்ச ஒழிப்புத் துறையான விஜிலென்ஸின் எண் 1064. கொடுத்துவிட்டு வந்து புகார் சொல்வதைவிட, கேட்டவுடன் கொடுக்காமல் கூப்பிடுவதுதான் சரி. கோர்ட்டுக்குப் போக வேண்டிய நிலை வந்தால் தாலுக்கா சட்டப்பணிக் குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். 15100க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். அதனால்தான் சொல்கிறேன், வீடு அம்மா பேரில் இருந்தால் மனுவும் அம்மா பேரிலேயே போகட்டும்.

கலெக்டர் ஆபீஸ், மந்திரி அதாலத் எல்லாவற்றுக்கும் போகலாம், தவறில்லை. ஆனால் கையில் ரசீது இல்லாமல் போனால் மனு சுற்றிச் சுற்றி மறுபடி அதே பஞ்சாயத்துக்குத்தான் வந்து விழும்.

கான்கிரீட் போட்டு, பூசி, கதவு மாட்டினதும் எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று வீட்டு நம்பர். பஞ்சாயத்தில் நம்பர் போட்டு உடைமைச் சான்று வாங்கினால்தான் கரண்டு இணைப்பு லேசாகக் கிடைக்கும், ரேஷன் கார்டில் விலாசம் மாறும். நாங்கள் கடைசித் தவணை வந்த சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டோம், அம்மா இரண்டு மாதம் பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து ஒரே ஒரு பல்பு போட்டிருந்தார். நம்பருக்கான மனுவைப் பூச்சு வேலை நடக்கும்போதே கொடுத்து வையுங்கள்.